சதுரம் எது, சமசதுரம் எது?

பி.எட். மாணவர்களின் ரெக்கார்டு நோட்டு கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. மதிப்பெண் போடும் பேனா மட்டும் பழையதாகவே இருக்கிறது.

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் கணக்குப் பாடம் நடத்தப் போகும் எவருக்கும் முதல் வாரத்திலேயே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. தமிழில் சதுரம் என்றால் நான்கு பக்கமும் சமம். கேரளத்து மலையாளப் பாடப்புத்தகத்தில் சதுரம் என்றால் செவ்வகம். நான்கு பக்கமும் சமமாக இருந்தால்தான் அது சமசதுரம். வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் படிக்கும் குழந்தையிடம் சதுரம் வரையச் சொன்னால் அது எதை வரையும்? எதை வரைந்தாலும் ஒரு மொழியில் சரி, இன்னொரு மொழியில் தப்பு.

இந்தச் சின்ன சமாசாரம் ஒரு பயிற்சி ஆசிரியருக்குத் தெரியுமா என்பதை மூன்று மணி நேர எழுத்துத் தேர்வு கண்டுபிடிக்காது. அவர் அந்தக் குழந்தைகளுக்காகத் தயாரிக்கும் ஒரு கம்ப்யூட்டர் புராஜெக்ட் கண்டுபிடிக்கலாம். கண்டுபிடிக்காமலும் போகலாம். எதைப் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்த விஷயம் அது. ஆசிரியர் கல்வியில் இன்று நடக்கும் பெரிய மாற்றம் ஒன்றின் நல்லதும் கெட்டதும் இந்த இடத்தில்தான் பிரிகின்றன.

1956 நவம்பர் 1-ந் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருவிதாங்கூர் தமிழர் இயக்கம் சேர்த்துக் கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே தங்கிவிட்டது. நெய்யாறு அணை அமைந்திருக்கும் கள்ளிக்காடும் அப்படித் தங்கிய ஊர்களில் ஒன்று. 2014-இல் காட்டாக்கடை புதிய தாலுகாவானபோது கள்ளிக்காடு அதற்குள் போனது. பேச்சில் கலந்து கிடக்கும் தமிழும் மலையாளமும் தாலுகா எல்லைக்கெல்லாம் கட்டுப்படவில்லை.

எல்லைக்கு இரண்டு பக்கமும் பி.எட். கல்லூரிகள் உண்டு. களியக்காவிளைக்குக் கிழக்கே இருப்பவை 2008-இல் தொடங்கிய தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை; மேற்கே கேரளப் பல்கலைக்கழகம். இரண்டுக்கும் மேலே, தில்லியில், தேசிய ஆசிரியர் கல்விக் குழு. அந்தக் குழு 2014-இல் கொண்டுவந்த விதிகளின்படி ஓராண்டாக இருந்த பி.எட். இரண்டு ஆண்டாக நீண்டது. பள்ளியில் நேரடிப் பயிற்சி 20 வாரம் என்றானது: முதல் ஆண்டில் 4, இரண்டாம் ஆண்டில் 16. கூடவே தொழில் திறன் வளர்க்க நான்கு படிப்புகள். அவற்றில் ஒன்று தகவல் தொழில்நுட்பத்தை விமர்சனக் கண்ணோடு புரிந்துகொள்வது. இதற்குப் பல்கலைக்கழகப் பரீட்சையைவிட கல்லூரியே போடும் அக மதிப்பெண்தான் முக்கியம். ஆக, புராஜெக்ட்.

பழைய பயிற்சி மாணவரின் அடையாளம் கையில் சுருட்டிய சார்ட், தெர்மோகோலில் செய்த எரிமலை, வாரக் கணக்கில் எழுதிய பாடத்திட்ட நோட்டு. இப்போது பென்டிரைவ். கேரளத்துப் பக்கம் பயிற்சி மாணவர்கள் டிஜிட்டல் பாடநூல் ஒன்றைத் தாங்களே தயாரிக்கிறார்கள். பாட வீடியோ எடுக்கிறார்கள். சொந்தமாக ஒரு வலைப்பூ தொடங்கி, பள்ளியில் கழித்த ஒவ்வொரு வாரத்தைப் பற்றியும் அதில் எழுதுகிறார்கள். இவையெல்லாம் மதிப்பீட்டுக்கு உரியவை.

கேரளம் இதில் முந்திக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. 2001-இல் தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம், சில ஆண்டுகளிலேயே பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் கம்ப்யூட்டரை ஒரு பாடமாக்கியது. 2005 ஜூலையில் அன்றைய ஜனாதிபதி அப்துல் கலாம் திருவனந்தபுரத்தில் விக்டர்ஸ் கல்வி சானலைத் தொடங்கி வைத்தார். அதே பத்தாண்டின் பிற்பகுதியில் பள்ளிக் கம்ப்யூட்டர்கள் முழுவதும் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. 2017-இல் அந்தத் திட்டமே 'கைட்' என்ற அரசு நிறுவனமானது. எட்டு முதல் பன்னிரண்டு வரையிலான 45,000 வகுப்பறைகளில் லேப்டாப்பும் புரொஜெக்டரும் ஏறின. இப்படிப்பட்ட வகுப்பறைக்குள் நுழையும் பயிற்சி ஆசிரியருக்கு மவுஸ் பிடிக்கத் தெரியாவிட்டால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிரிப்பார்கள். எனவே கல்லூரிகள் விழித்துக்கொண்டன.

விழித்துக்கொண்டு செய்தது என்ன என்பதில்தான் சிக்கல்.

புராஜெக்ட் வந்த கொஞ்ச நாளிலேயே புராஜெக்ட் செய்து தரும் கடையும் வந்துவிடும் என்பது இந்தியக் கல்வியின் அசைக்க முடியாத விதி. ரெக்கார்டு நோட்டை விலைக்கு எழுதிக் கொடுத்த அதே ஜெராக்ஸ் கடை, அதே டி.டி.பி. சென்டர், இப்போது பவர்பாயிண்ட் செய்து கொடுக்கிறது. போன வருடத்து மாணவியின் பெயரை அழித்து இந்த வருடத்து மாணவியின் பெயரைப் போடுவது கம்ப்யூட்டரில் இன்னும் சுலபம். தமிழில் செய்பவர்களுக்கு மட்டும் ஒரு சின்ன இடைஞ்சல்: கடைக்காரர் பழைய பாமினி எழுத்துருவில் அடித்துக் கொடுத்தது கல்லூரிக் கம்ப்யூட்டரில் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் திறக்கும். அதைப் பிரின்ட் எடுத்துக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. டிஜிட்டல் புராஜெக்ட்டை ஸ்பைரல் பைண்டிங் செய்து வாங்கி அலமாரியில் அடுக்கும் கல்லூரிகளும் இருக்கின்றன.

இந்தத் துறையின் உடல்நிலை ரகசியமல்ல. ஓய்வு பெற்ற தலைமை நீதிபதி ஜே.எஸ்.வர்மா தலைமையிலான கமிஷன் 2012-இல் தந்த அறிக்கை ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களின் தரத்தைக் கடுமையாகச் சாடியது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை இன்னும் ஒரு படி போய், 10,000-க்கும் மேற்பட்ட தனித்து இயங்கும் நிறுவனங்கள் உருப்படியாகப் பயிற்சி தர முயலவே இல்லை, பட்டத்தை விலைக்கு விற்கின்றன என்று எழுதியது. அரசாங்க ஆவணம் ஒன்றில் இவ்வளவு வெளிப்படையான வாசகம் அபூர்வம். இப்படிப்பட்ட நிறுவனம் ஒன்றிடம் அக மதிப்பெண்ணை ஒப்படைத்தால், அது புராஜெக்ட்டுக்கா, பீஸ் கட்டிய ரசீதுக்கா, எதற்கு மதிப்பெண் போடும் என்பதை ஊகிப்பது கஷ்டமில்லை.

ஆனால் தொழில்நுட்பத்தை வைத்து ஆசிரியரை மதிப்பிடும் யோசனை நேற்று முளைத்ததல்ல. அதன் கதை கொஞ்சம் வேடிக்கையானது.

1963-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலன் என்பவரும் அவரது சகாக்களும், பயிற்சி ஆசிரியர் ஒருவரை நாலைந்து மாணவர்களுக்குச் சில நிமிடங்கள் மட்டும் பாடம் எடுக்க வைத்தார்கள். அதை வீடியோ டேப்பில் பதிவு செய்து உடனே அவருக்கே போட்டுக் காட்டினார்கள். தன் தவறைத் தானே பார்த்தவர் திரும்பவும் எடுத்தார். இதுதான் நுண்ணிலைக் கற்பித்தலின் பிறப்பு. 1967-இல் அலகாபாத்தில் டி.டி.திவாரி இதை இந்தியாவில் முயன்று பார்த்தார். எழுபதுகளில் பரோடாவின் எம்.எஸ். பல்கலைக்கழகமும் என்.சி.இ.ஆர்.டி.யும் இந்தியாவுக்கு ஏற்றபடி ஒரு மாதிரியை உருவாக்கின: கற்பித்தல் 6 நிமிடம், பின்னூட்டம் 6, திருத்தி எழுத 12, மறு கற்பித்தல் 6, மறு பின்னூட்டம் 6. ஆக 36 நிமிடம். எந்த பி.எட். மாணவரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்தக் கணக்கைச் சொல்வார்.

இந்திய மாதிரியில் விட்டுப்போனது ஒன்றே ஒன்று: வீடியோ. அன்றைய இந்தியக் கல்லூரிகளுக்கு டேப் ரிக்கார்டரே ஆடம்பரம். எனவே மாணவர்களுக்குப் பதில் சக பயிற்சியாளர்களே குழந்தைகளாக உட்கார்ந்தார்கள். கேமராவுக்குப் பதில் பேராசிரியரும் ஒரு தாளும். விளக்குதல் திறன், கிளர்வினாத் திறன், பல்வகைத் தூண்டல் திறன் என்று ஒவ்வொன்றுக்கும் அந்தத் தாளில் கோடு போட்டார்கள். ஏழை நாட்டுக்குப் பொருத்தமான, புத்திசாலித்தனமான ஏற்பாடு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இன்று அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பயிற்சி மாணவர்களிடம் அன்றைய ஸ்டான்ஃபோர்டு கேமராவைவிடத் துல்லியமாகப் படமெடுக்கும் செல்போன் இருக்கிறது. பல கல்லூரிகளில் அது வகுப்புக்குள் தடை. தாளில் போட்ட கோடு தொடர்கிறது. கல்லூரி கேட்கும் 'தொழில்நுட்ப புராஜெக்ட்' வேறு எங்கோ, ஒளிச்சேர்க்கை பற்றி இன்டர்நெட்டிலிருந்து இறக்கிய படங்களோடு பவர்பாயிண்ட்டாகத் தயாராகிறது. ஆறு நிமிடப் பாடத்தைப் படமெடுத்துப் பார்ப்பதைவிட மலிவான, நேர்மையான புராஜெக்ட் வேறில்லை. அதைத்தான் செய்வதில்லை.

பயன்படும் முன்மாதிரிகள் இல்லாமலும் இல்லை. 2000-இல் இந்தியாவுக்கு வந்த இன்டெல் நிறுவனத்தின் ஆசிரியர் பயிற்சித் திட்டத்தில், பயிற்சி பெறுபவர் ஒரு பாட அலகை எடுத்துக்கொண்டு முழுத் தொகுப்பு தயாரிக்க வேண்டும். இதில் சுவாரஸ்யமான நிபந்தனை ஒன்று இருந்தது. ஆசிரியர் தனக்காக மட்டும் பாட ஸ்லைடு செய்தால் போதாது. தன் மாணவர்கள் என்ன தயாரிப்பார்கள் என்று எண்ணிப் பார்த்து, மாணவர் நிலையில் நின்று அந்தப் படைப்பையும் செய்ய வேண்டும். பிறகு அதை எப்படி மதிப்பிடுவது என்ற அளவுகோலையும் தானே எழுத வேண்டும். சிப் விற்கும் கம்பெனி பள்ளிக்கூடத்துக்குள் வருவதில் வியாபாரக் கணக்கு இல்லாமல் இருக்குமா என்ற சந்தேகம் நியாயமானதே. ஆனாலும் நிபந்தனை நல்ல நிபந்தனை.

அமெரிக்கா இன்னும் தூரம் போய், கையைச் சுட்டுக்கொண்டும் வந்தது. ஸ்டான்ஃபோர்டிலேயே உருவாகி 2013-இல் பரவலாக நடைமுறைக்கு வந்த 'எட்-டி.பி.ஏ.' என்ற மதிப்பீட்டில், பயிற்சி ஆசிரியர் தொடர்ச்சியாக 3 முதல் 5 பாடவேளைகளைத் திட்டமிட்டு, நடத்தி, தன் வகுப்பின் வீடியோ துண்டுகளையும் மாணவர்களின் விடைத்தாள்களையும் சேர்த்து அனுப்ப வேண்டும். எங்கோ உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத மதிப்பீட்டாளர் பெரும்பாலும் 15 அளவுகோல்களை வைத்து ஒவ்வொன்றுக்கும் 5 வரை மதிப்பெண் போடுவார். சொந்தக் கல்லூரி மதிப்பெண் போடுவதில் உள்ள சலுகை இதில் இல்லை. கட்டணம் 300 டாலர். பியர்சன் என்ற தனியார் நிறுவனம் இதை நிர்வகித்தது.

பல மாநிலங்கள் இதை ஆசிரியர் உரிமத்துக்குக் கட்டாயமாக்கின. பிறகு ஒவ்வொன்றாகப் பின்வாங்கின: ஜார்ஜியா 2020-இல், வாஷிங்டன் மாநிலம் 2021-இல், நியூயார்க் 2022-இல். கட்டணம் ஒரு காரணம். ஆசிரியர் பற்றாக்குறை ஒரு காரணம். நன்றாகப் பாடம் நடத்துபவரைவிட, நடத்தியதைப் பற்றி நன்றாக எழுதுபவர் ஜெயித்துவிடுகிறார் என்பது இன்னொரு புகார். ட்ரூ கிட்டோமர் என்ற மதிப்பீட்டு நிபுணரும் அவரது குழுவும் இந்த மதிப்பெண்களின் துல்லியத்தையே கேள்விக்குள்ளாக்கினார்கள். கேமராவுக்கு முன் பாடம் நடத்தச் சொன்னால் கேமராவுக்கு ஏற்ற பாடம்தான் நடக்கும் என்பதும் தெரிந்தது. அடங்கி உட்காரும் நாலு பிள்ளைகள் உள்ள பக்கமாகக் கேமராவைத் திருப்பி வைப்பது எந்த நாட்டிலும் கஷ்டமில்லை.

ஆக, எதைப் பார்த்து மதிப்பெண் போடுவது? மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இந்திய வம்சாவளிப் பேராசிரியர் புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் 2006-இல் தந்த விடை உலகெங்கும் பரவியது. பாட அறிவு, கற்பிக்கும் அறிவு, தொழில்நுட்ப அறிவு என்று மூன்றும் தனித்தனியாக இருந்து பயனில்லை. மூன்றும் ஒன்றோடொன்று கலக்கும் இடம்தான் ஆசிரியரின் இடம் என்றார்கள். கேரளப் பல்கலைக்கழக பி.எட். வட்டாரத்தில் 'டெக்னோ பெடகாஜி' என்ற சொல் சரளமாகப் புழங்குவதற்கு இந்தக் கருத்துதான் ஊற்று. சொல் புழங்குகிறது. கலவை நடக்கிறதா என்பதற்கு மறுபடி அந்தச் சதுரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரில் மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் 2001-இல் உருவாக்கத் தொடங்கிய ஜியோஜீப்ரா என்ற இலவச மென்பொருள் கேரளப் பள்ளிக் கம்ப்யூட்டர்களில் சாதாரணமாகக் கிடைக்கிறது. இரண்டு பயிற்சி மாணவர்கள் நாற்கரங்களைப் பற்றி இதில் புராஜெக்ட் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் சதுரம், செவ்வகம், இணைகரம் எல்லாவற்றையும் வண்ண வண்ணமாக வரைந்து, பின்னணியில் இசை சேர்த்துத் தருகிறார். மற்றவர் ஒரே ஒரு உருவம் வரைகிறார். மூலையைப் பிடித்து இழுத்தால் பக்கங்கள் நீள்கின்றன. நான்கு பக்கமும் சமமாகும் ஒரு கணத்தில் உருவத்தின் கீழே 'சமசதுரம் - தமிழில் சதுரம்' என்று வருகிறது. இன்னும் கொஞ்சம் இழுத்தால் 'சதுரம் - தமிழில் செவ்வகம்'. சதுரமும் ஒரு வகைச் செவ்வகம்தான் என்ற கணித உண்மை, 'சம' என்ற முன்னொட்டோடு மலையாளச் சொல்லிலேயே ஒளிந்திருப்பதையும் குழந்தை அங்கேயே பார்த்துவிடும்.

முதல் புராஜெக்ட் அழகாக இருக்கும். இரண்டாவதைச் செய்தவருக்குத்தான் பாடமும் தெரியும், எல்லை கிராமத்துக் குழந்தையும் தெரியும், மென்பொருளும் தெரியும். வண்ணம், எழுத்துரு, ஸ்லைடு எண்ணிக்கை என்று மதிப்பெண் பிரிக்கும் தாளில் முதலாமவரே ஜெயிப்பார். இன்றைய தாள்கள் பலவும் அப்படித்தான் இருக்கின்றன.

இதற்கு மாற்று பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல. புராஜெக்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளாமல், அதைச் செய்தவரை எதிரே உட்கார வைத்துப் பத்து நிமிடம் கேள்வி கேட்டால் கடைச்சரக்கு வெளுத்துவிடும். இந்த ஸ்லைடை ஏன் முதலில் வைத்தாய்? எந்தக் கேள்விக்குப் பிள்ளைகள் தப்பாகச் சொன்னார்கள்? மறுநாள் எதை மாற்றினாய்? வகுப்பில் நடத்தாதவரால் கடைசி இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாது. நேரம் இல்லை என்பது வழக்கமான பதில். 2014 விதிகளின்படி ஆண்டுக்கு 100 மாணவரைச் சேர்க்கும் கல்லூரிக்கு 16 ஆசிரியர் வேண்டும். ஒரு மாணவரின் 20 நிமிட வீடியோவைப் பார்க்க ஆகும் நேரத்தை 100-ஆல் பெருக்கி 16-ஆல் வகுத்தால் ஆசிரியருக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். அந்த 16 பேர் சம்பளப் பட்டியலில் மட்டுமின்றிக் கல்லூரியிலும் இருந்தால் முடிகிற வேலை.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இந்த நேர்முகக் கேள்வி இன்னும் அவசியமாகிவிட்டது. வாராந்தர அனுபவக் குறிப்பைக்கூட இப்போது மெஷின் எழுதித் தரும். போகாத வகுப்பில் பட்ட பரவசத்தையும் சேர்த்தே எழுதும். 2024 மே மாதம் தொடங்கி கேரளம் 80,000 பள்ளி ஆசிரியர்களுக்கு இந்தத் தொழில்நுட்பத்தில் பயிற்சி தர முனைந்தது. அதே கல்வி ஆண்டில் ஏழாம் வகுப்புக் கம்ப்யூட்டர் பாடநூலிலேயே அது பாடமாக வந்தது. பாடநூல் தமிழிலும் உண்டு. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த வித்தை பி.எட். மாணவருக்குத் தெரியாமல் இருக்காது.

வீடியோ எடுப்பதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, படத்தில் விழும் குழந்தைகள். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. பயிற்சி மாணவரின் வலைப்பூவில் சீருடையும் பள்ளிப் பெயரும் தெரிய, பெயர் சொல்லி அழைக்கப்படும் குழந்தையின் வீடியோ ஆண்டுக் கணக்கில் கிடக்கிறது. பி.எட். முடித்தவர் வலைப்பூவையே மறந்திருப்பார். மதிப்பெண்ணுக்காகப் பொது இடத்தில் போடச் சொல்வதைவிட, கல்லூரிக்குள் பார்த்து, அங்கேயே அழித்துவிடுவது மேல்.

கள்ளிக்காட்டிலிருந்து கிழக்கே போகப் போக இந்த விவாதமே வேறு நிறம் எடுக்கிறது. நெய்யாறு அணைக்கு அப்பால், அம்பூரியைச் சுற்றி, காணிக்காரர் குடியிருப்புகள் சிலவற்றுக்குப் படகில்தான் போய் வந்தார்கள். 2020 ஜூன் 1-ந் தேதி கேரளம் 'ஃபர்ஸ்ட் பெல்' என்ற பெயரில் டி.வி.யிலும் இன்டர்நெட்டிலும் வகுப்புகளைத் தொடங்கியபோது, தமிழ் வழிப் பாடங்களும் தயாராயின. சிக்னல் கிடைக்காத காடுகளுக்கு அவை வந்து சேர்வது வேறு விஷயம். அந்த மலைகளில் அதுவரை கல்வி என்றால் ஓராசிரியர் பள்ளிகள்தான். 1990-களின் இறுதியில் தொடங்கியவை. தினமும் படகு துழாவி, மலையேறி, ஒரே அறையில் நான்கு வகுப்புகளை நடத்திய ஆசிரியைகள் அங்கே இருந்தார்கள். 2022-இல் அரசு இந்தப் பள்ளிகளை மூடியது. இருபது ஆண்டுக்கு மேல் பாடம் நடத்தியவர்களுக்கு அரசுப் பள்ளிகளில் துப்புரவு வேலை கிடைத்தது. துடைப்பத்தோடு நின்ற அவர்களின் படம் அந்த ஜூனில் நாடெங்கும் பத்திரிகைகளில் வந்தது.

பல வகுப்புகளை ஒரே நேரத்தில் சமாளிப்பது எப்படி, கரண்டும் சிக்னலும் இல்லாத இடத்தில் போனில் முன்கூட்டியே இறக்கி வைத்த பாடத்தை எப்படி நடத்துவது என்பதற்கெல்லாம் எந்தப் பல்கலைக்கழகத்தின் மதிப்பெண் தாளிலும் கட்டம் கிடையாது. புரொஜெக்டர் உள்ள வகுப்பறையை மனத்தில் வைத்தே அளவுகோல்கள் எழுதப்படுகின்றன. பயிற்சிக்கு மாணவர்களை அனுப்பும்போதும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துப் பள்ளியாகப் பார்த்தே அனுப்புகிறார்கள்.

இதற்கிடையே பி.எட். மறுபடி உருமாறிக்கொண்டிருக்கிறது. 2020 கொள்கை 2030-க்குள் நான்காண்டு ஒருங்கிணைந்த பட்டத்தைக் குறைந்தபட்சத் தகுதியாக்கச் சொல்கிறது. 2023-24-இல் அந்தப் படிப்பு முதல் கட்டமாகத் தொடங்கியது. 2025 பிப்ரவரியில் தேசிய ஆசிரியர் கல்விக் குழு வெளியிட்ட வரைவு விதிகள், முதுகலைப் பட்டமோ நான்காண்டு இளங்கலைப் பட்டமோ பெற்றவர்களுக்கு ஓராண்டு பி.எட்.டைத் திரும்பக் கொண்டுவர முன்வந்தன. இரண்டு ஆண்டில் 20 வாரம் கிடைத்த பள்ளி அனுபவம் ஓராண்டுக்குள் எவ்வளவாகச் சுருங்கும் என்று கல்லூரிகள் கணக்குப் போடத் தொடங்கிவிட்டன. டி.டி.பி. சென்டர்களும்தான்.